ஜோடி இரண்டும் ஆரஞ்சு என்றால் யோசியுங்கள்

கேள்வி: அண்ணா, வியாசர்பாடியில் மொட்டை மாடியில் கர்ணப்புறா வளர்க்கிறேன். பிஜி தீவுப் புறா என்று ஒரு தரகர் ஒரு ஜோடி காட்டினார். சின்ன உருவம், தலை முதல் வால்வரை இரண்டும் ஆரஞ்சு. கம்பு போட்டால் நன்றாகத் தின்கின்றன. வாங்கி என் கூண்டிலேயே விடலாமா?

பதில்: தம்பி, வாங்காதீர்கள். ‘இரண்டும் ஆரஞ்சு’, ‘கம்பு தின்கின்றன’ என்று நீங்கள் எழுதிய இந்த இரண்டு விஷயங்களே போதும், அது பிஜிப் பறவை இல்லை.

பிஜியில் ஆரஞ்சுப் புறா உண்மையிலேயே இருக்கிறது. வனுவா லெவு, தவெயுனி, அருகிலுள்ள சில சிறு தீவுகள், அவ்வளவுதான் அதன் உலகம். நீளம் சுமார் 20 சென்டிமீட்டர். ஆனால் ஆண் மட்டும்தான் ஆரஞ்சு. அதற்கும் தலை பச்சை கலந்த மஞ்சள். பெண் இலைப் பச்சை, குஞ்சும் பச்சை. ஆணின் உடம்பு இறகு மயிர் போல நீண்டு தொங்கும். அலகு, கால், கண்ணைச் சுற்றிய தோல் எல்லாம் நீலப்பச்சை. நம் புறா போலக் குனுகாது. கடிகாரம் மாதிரி ‘டக், டக்’ என்று ஒலி எழுப்பும். ஒரு தடவை கேட்டால் மறக்கவே மாட்டீர்கள்.

சாப்பாடுதான் பெரிய வித்தியாசம். கர்ணப்புறா கம்பையும் சோளத்தையும் விழுங்கி, வயிற்றிலுள்ள சிறு கற்களால் அரைத்துவிடும். பிஜியின் ஆரஞ்சுப் புறாவோ பழம் தின்னும் பழப்புறா வகை. அதன் இரைப்பைக்கு அந்தப் பலம் கிடையாது. பழத்தை முழுசாக விழுங்கி, சதையை மட்டும் செரித்து, கொட்டையை அப்படியே வெளியே விட்டுவிடும். காட்டில் மரம் முளைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதை உங்கள் கூண்டில் விட்டுத் தானியம் போட்டால் பட்டினி கிடந்தே செத்துப்போகும்.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் சாயம் ஏற்றிய வெள்ளைப் புறாதான். இறகை லேசாகத் தூக்கிப் பாருங்கள். தோலை ஒட்டிய இடத்தில் வெள்ளை தெரியும், நிறம் திட்டுத் திட்டாக இருக்கும். ஈரப் பஞ்சால் துடைத்தும் பார்க்கலாம், ஆனால் பஞ்சில் ஒட்டவில்லை என்பதால் அசல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பறவையைச் சாயத்தில் முக்கி எடுப்பது கொடுமை. காசு கொடுத்தால் அடுத்த ஜோடியையும் முக்குவார்கள்.

அதே தரகர் பச்சை இறக்கையோடு மரகதப்புறாவைக் கொண்டுவந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் மாநிலப் பறவை அது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

ஒருவேளை இதற்குள் வாங்கியிருந்தால், சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள். இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும்போது நிறம் தானாகப் போய்விடும். ஒரு மாதமாவது தனிக் கூண்டில், நிழலில் வையுங்கள். தண்ணீர்க் கிண்ணமும் தனியாக இருக்கட்டும். கழுத்தைத் திருகிக்கொண்டாலோ பச்சையாகக் கழிந்தாலோ நாள் கடத்தாமல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். அந்தக் கூண்டைத் தொட்ட கையோடு கர்ணப்புறா பக்கம் போகாதீர்கள்.