ஸ்ப்ளிட் சிங்கிள் என்றால் என்ன? சோதனை மின்னணு இசையில் எதை முதலில் கேட்கலாம்?

சிங்கிள் என்பது ஓரிரு பாடல்கள் மட்டும் கொண்ட சிறு இசைத்தட்டு. அதன் ஒரு பக்கம் ஒருவருக்கு, மறுபக்கம் இன்னொருவருக்கு என்றால் அது ஸ்ப்ளிட் சிங்கிள். அச்சிடும் செலவு பாதியாகிறது. ஒருவருக்காக வாங்கியவர் மற்றவரையும் கேட்டுவிடுகிறார். கையில் காசில்லாத சிறு குழுக்கள் இந்த வடிவத்தை விரும்பியதில் வியப்பில்லை.

எதைக் கேட்கலாம் என்றால், என் பதில் ‘நொன்’, ‘ஸ்மெக்மா’ இருவரும் பங்கிட்டுக்கொண்ட ஏழு அங்குலத் தட்டு. 1980இல் லண்டனின் மியூட் நிறுவனம் வெளியிட்ட ஏழாவது சிங்கிள் அது. பின்னாளில் புகழ்பெற்ற ஆங்கிலேய மின்னணு இசைக்குழு டெபேஷ் மோடின் முதல் சிங்கிள் அடுத்த ஆண்டு இதே நிறுவனத்திலிருந்துதான் வந்தது.

‘நொன்’ குழு அல்ல. கலிபோர்னியாவின் பாய்ட் ரைஸ் என்ற தனி மனிதர். பிற்காலத்தில் பாசிசச் சின்னங்களைக் கையாண்டு கடும் கண்டனத்துக்கு ஆளானவர். அந்தக் கண்டனம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அவருடைய தொடக்ககால வேலையை ஒதுக்கிவிட்டு இந்த இசையைப் பற்றிப் பேச முடியாது. 1978இல் அவர் வெளியிட்ட ‘பேகன் மியூசாக்’ தட்டில் 17 மூடிய வரிகள். வரி என்பது தட்டில் ஊசி ஓடும் பள்ளம். வழக்கமான தட்டில் வரி சுருண்டு சுருண்டு மையத்தை நோக்கிப் போகும். இதில் ஒவ்வொரு வரியும் தன்னிடமே திரும்பி வந்து சேரும். ஊசி உள்ளே நகராது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு வளையம் 1.8 நொடி, 45இல் 1.33 நொடி. எந்த வேகத்திலும் கேட்கலாம்; எப்போது நிறுத்துவது என்பதும் கேட்பவர் முடிவு. போதாததற்கு, மையத்தைவிட்டு விலகி இன்னொரு துளையும் உண்டு. அந்தத் துளையில் மாட்டினால் ஊசிக்கரம் ஊஞ்சல்போல் உள்ளும் வெளியும் ஆடும், சுருதி ஏறி ஏறி இறங்கும். மூடிய வரி ஒன்றைச் சில நிமிடங்கள் விடாமல் கேட்டுப் பாருங்கள். முதலில் வெறும் இரைச்சல். பிறகு அதற்குள் ஒரு தாளம் தட்டுப்படும். கொஞ்ச நேரத்தில் காது வேறோர் இடத்தைத் தாளத்தின் தொடக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தட்டில் எதுவும் மாறியிருக்காது!

ஸ்மெக்மா இதற்கு நேர் எதிர். 1973இல் பாசடீனாவில் கூடி, பிறகு ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டுக்குக் குடிபெயர்ந்த கூட்டம். முறையான இசைப்பயிற்சியைப் பொருட்படுத்தாமல் ஒலிநாடா, பழைய இசைத்தட்டு, பொம்மை வாத்தியம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து அந்த நேரத்துக்குத் தோன்றியதை வாசிப்பவர்கள். இருவரும் பங்கிட்ட அந்த ஏழு அங்குலத் தட்டில் ஒரு பக்கம் இயந்திரத்தின் பிடிவாதம். தட்டைத் திருப்பினால் பலர் ஒரே அறையில் போடும் அமளி. தனித்தனியாக வந்திருந்தால் இரண்டையும் இவ்வளவு கூர்மையாகக் கேட்டிருக்க மாட்டேன்.

முடிந்தால் தட்டிலேயே கேளுங்கள். மூடிய வரியைக் கணினிக் கோப்பாக மாற்றினால் யாரோ ஓர் இடத்தில் அதை வெட்டித்தான் ஆகவேண்டும். இந்த வழி பிடித்துப்போனால் அடுத்து மாசசூசெட்ஸின் ஆர்ஆர்ரெக்கார்ட்ஸ் 1998இல் வெளியிட்ட ‘ஆர்ஆர்ஆர்-500’ தட்டைத் தேடுங்கள். அதில் 500 கலைஞர்கள், ஆளுக்கு ஒரு மூடிய வரி.