ஏரியைத் தூர்வாரிய பிறகு பறவைகள் ஏன் வரவில்லை?

வணக்கம். எங்கள் ஊர் இளைஞர்கள் பணம் திரட்டி ஏரியைத் தூர்வாரினோம். சீமைக் கருவேலத்தை அடியோடு எடுத்து, கரையைப் பலப்படுத்தி, நடைபாதையும் விளக்கும் போட்டோம். தண்ணீர் நன்றாக நிற்கிறது. ஆனால் வழக்கமாக வரும் நாரைகளும் உள்ளான்களும் இந்த வருடம் இறங்கவே இல்லை. எங்கே தவறு?
ஆர்.

அன்புள்ள ஆர்,

ஊர் கூடி ஒரு ஏரியைத் தூர்வாருவது சின்ன வேலை இல்லை, தண்ணீர் நிற்பதே உங்கள் உழைப்புக்குச் சாட்சி. ஆனால் பொக்லைன் ஏரி முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். உள்ளானுக்குச் சேறும் மேலோட்டமான நீரும் போதும், நாரையும் கரண்டிவாயனும் நடந்துதான் இரை தேடும், ஆழத்தில் பிழைப்பவை முக்குளிப்பான், நீர்க்காகம் போன்ற முங்கும் பறவைகள்தான். அடுத்த முறை மடைப்பக்கம் மட்டும் ஆழப்படுத்துங்கள். ஏரிக்குத் தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால் பக்கத்தை மேடும் பள்ளமுமாக, சரிவாக விட்டுவிடுங்கள்.

சீமைக் கருவேலத்தை எடுக்க வேண்டியதுதான். ஆனால் கூடு கட்ட வேறு மரம் இல்லாத ஏரியில் ஒரே மூச்சில் எடுத்தால் பறவை எங்கே போகும்? இனி நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் வையுங்கள், மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் தாங்கும். மரத்தைச் சுற்றித் தண்ணீர் இருந்தால் நாயும் பூனையும் கூட்டை நெருங்காது. அப்புறம் அந்த விளக்குகள். பறவை அடையும் பக்கம் அவை வேண்டவே வேண்டாம், இதில் எனக்குச் சமரசம் இல்லை.

இதைவிட முக்கியமானது ஆயக்கட்டு விவசாயிகள், அதாவது இந்த ஏரித்தண்ணீரில் பாசனம் செய்பவர்கள். உங்கள் கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. வேடந்தாங்கல் 1936ல்தான் சரணாலயம் ஆனது, ஆனால் அந்த ஊர்க்காரர்கள் 1790களிலேயே, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டு, வேட்டையைத் தடுக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். அன்பு மட்டும் காரணமில்லை, பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. சட்டம் போட்டு இதை வரவைக்க முடியாது.

ஆகவே ஊர்க்கூட்டம் போடுங்கள். குஞ்சுகள் பறக்கும் வரை எவ்வளவு தண்ணீரை ஏரியில் விட்டுவைப்பது என்று மடை திறப்பவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள், மீன் குத்தகை எடுத்தவரிடம் ஒரு மூலையில் வலை போட வேண்டாம் என்று கேளுங்கள். ஓரத்தைச் சரிவாக்கினால் உள்ளான் அடுத்த பருவத்திலேயே இறங்கலாம். நாரை கூடு கட்ட மரம் வளர வேண்டும், அதற்குச் சில வருடங்கள் ஆகும்.