குழந்தைக்குக் காது கேளாதது முன்னோர் செய்த பாவத்தாலா?

கேள்வி: எங்கள் மகளுக்கு இரண்டு வயது. பிறவியிலேயே காது கேட்கவில்லை. காக்ளியர் இம்ப்ளான்ட் (ஒலியை உணர உதவும் கருவியை உட்காதில் பொருத்தும்) அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்குமாறு மருத்துவர்கள் சொல்கிறார்கள். வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வரும் ஊழியர் ஒருவரோ, இது ஜென்மபாவத்தின், அதாவது ஆதாமிடமிருந்து பிறப்போடு வரும் பாவத்தின், விளைவு என்றும், மூன்று தலைமுறையினரின் பாவங்களைத் தாளில் எழுதி அறிக்கையிட்டு, முன்னோரின் பாவத்தால் குடும்பத்தைக் கட்டியிருக்கும் சாபக்கட்டை முறித்த பிறகே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றும் சொல்கிறார். மாமியாரும் அதையே வற்புறுத்துகிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சகோதரி, சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். குழந்தை மொழியைப் பிடித்துக்கொள்ளும் பருவம் இதுதான். கழியும் ஒவ்வொரு மாதமும் அவளுக்கு இழப்பு. ஊழியர் சொன்னது கிறிஸ்தவப் போதனையும் அல்ல.

பாவம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வேதம் தரும் விடை ஆதியாகமம் 3-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தேவன் படைத்தவை யாவும் நல்லவையாக இருந்தன. மனிதன் அவருடைய சொல்லை நம்பாமல், நன்மை எது தீமை எது என்பதைத் தானே தீர்மானிக்கக் கை நீட்டினான். அதன் விளைவுகள் அந்த அதிகாரத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன: இருவரும் வெட்கப்பட்டு அத்தியிலைகளைத் தைத்துக்கொள்கிறார்கள், தேவனுக்குப் பயந்து மரங்களுக்குள் ஒளிகிறார்கள், ஆதாம் மனைவியின்மேல் பழிபோடுகிறான், பிரசவத்தில் வேதனையும் உழைப்பில் வியர்வையும் சேர்கின்றன, இறுதியில் மண்ணுக்குத் திரும்புதல். ஆனால் அங்கே சபிக்கப்படுவது பாம்பும் நிலமும்தான். ஆதாமையும் ஏவாளையும் நோக்கித் தேவன் சாபம் என்று சொல்லவில்லை. தோட்டத்தைவிட்டு அனுப்பும் முன் அவரே அவர்களுக்குத் தோல் உடைகளைச் செய்து உடுத்துகிறார். சாபக்கட்டு பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தை நின்று வாசிப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

ஒரே மனுஷனாலே பாவமும் பாவத்தினாலே மரணமும் உலகத்தில் நுழைந்தன என்று ரோமர் 5:12-இல் பவுல் எழுதியதைக் கொண்டே ஜென்மபாவம் என்னும் போதனை வளர்ந்தது. மனிதன் தன் முயற்சியாலேயே பாவமின்றி வாழ முடியும் என்ற பெலாகியு என்னும் துறவியின் கருத்தை ஆயர் அகஸ்தீன் எதிர்த்தார். 418-இல் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் அக்கருத்தைத் தள்ளியது. லுத்தரன் சபைகளின் 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, மனிதர் யாவரும் தேவபயமும் நம்பிக்கையும் இன்றி, தீய இச்சையோடு பிறக்கிறார்கள் என்கிறது. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலோ, இந்தப் பாவம் ஆதாமின் வழிவந்த எவரிடத்திலும் தனிப்பட்ட குற்றத்தின் தன்மை உடையதல்ல என்று தெளிவாகச் சொல்கிறது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் நமக்கு வந்து சேர்வது மரணமும் பலவீனமுமே, குற்றம் அல்ல என்கின்றன. சபைகளுக்கிடையே கருத்து வேறுபாடு சிறிதல்ல. ஆனாலும் ஒன்றில் யாவரும் உடன்படுகிறார்கள்: இந்த நிலை எல்லா மனிதருக்கும் பொது. உங்கள் மகளுக்கு இருப்பது போலவே நன்றாகக் காது கேட்கும் பிள்ளைக்கும் அந்த ஊழியருக்கும் அது உண்டு. அப்படியிருக்க, அதைக் காட்டி ஒரு வீட்டை மட்டும் பிரித்தெடுத்துக் குற்றஞ்சாட்ட யாருக்கும் வழியில்லை.

பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறை மட்டும் விசாரிக்கிறவர் என்ற யாத்திராகமம் 20:5-ஐ அந்த ஊழியர் காட்டக்கூடும். அந்த வசனம் தேவனைப் பகைக்கிறவர்களைக் குறித்துப் பேசுகிறது. அவரிடத்தில் அன்புகூருகிறவர்களுக்கு ஆயிரம் தலைமுறை மட்டும் இரக்கம் என்பது அடுத்த வசனம். குடித்து அழிந்த தகப்பன் வைத்துவிட்டுப் போகும் கடனும் பயமும் பிள்ளைகளை வாட்டுவது உண்மை. விளைவு அவர்கள்மேல் விழுகிறது. குற்றம் விழுவதில்லை. குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18:20 அறுதியிட்டுச் சொல்கிறது.

இதே கேள்வியை இயேசுவிடமே கேட்டார்கள். பிறவிக்குருடனைக் கண்ட சீஷர்கள், இது இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ என்றபோது, இரண்டும் அல்ல என்றார் (யோவான் 9:3). சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்றார் (லூக்கா 13:4). பாவத்தால் சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது என்று ரோமர் 8 சொல்வதால், நோயும் ஊனமும் உடைந்த உலகத்தின் பகுதிகள் என்று கிறிஸ்தவர் நம்புகிறோம். குறிப்பிட்ட ஒரு நோயிலிருந்து குறிப்பிட்ட ஒருவரின் பாவத்துக்குக் கோடு இழுப்பதையே இயேசு தடுத்தார். பிறவிச் செவிடு பல குழந்தைகளுக்கு மரபணுவால் வருகிறது, நன்றாகக் கேட்கும் தாயும் தகப்பனும்கூட அந்த மரபணுவைத் தாங்கியிருக்கலாம்; அது பரம்பரையாக வருவதே தவிரப் பாவம் அல்ல.

தலைமுறைப் பாவத்திலிருந்து குணமாக்குவதாகச் சொல்லும் ஆராதனைகளைப் போலந்து நாட்டுக் கத்தோலிக்க ஆயர்கள் 2015-இல் தடைசெய்தார்கள். 2024-இல் ஸ்பெயின் ஆயர்களின் கோட்பாட்டுக் குழுவும் அவற்றைக் கண்டித்தது. ஆகவே, அந்தத் தாளை எழுத வேண்டாம். நீங்கள் செய்யாததை அறிக்கையிடுவது மனந்திரும்புதல் ஆகாது.

மாமியாரிடம் வாதாடாமல், யோவான் 9-ஆம் அதிகாரத்தை அவரோடு அமர்ந்து வாசியுங்கள். அவர் இன்னும் அஞ்சினால், உங்கள் சபைப் போதகரை வீட்டுக்கு அழைத்து, குழந்தைக்காகவும் மருத்துவர்களுக்காகவும் ஜெபிக்கச் சொல்லுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் நெடுநாள் தொடர வேண்டிய பேச்சுப் பயிற்சியில் நாள்தோறும் குழந்தையோடு பேசிக்கொண்டே இருக்க ஒருவர் தேவைப்படுவார். அந்தப் பொறுப்பில் பாதியைப் பாட்டியிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.