டிராம் ஓடுகிறது, சரி. பாப்பா கேட்கும் பாடம் அங்கே இருக்கிறதா?

வணக்கம் சார். உங்கள் வாய்ஸ் மெசேஜை இரண்டு முறை கேட்டேன். தோகாவில் வேலை முடிந்து எஜுகேஷன் சிட்டி வழியாக வரும்போதெல்லாம் "நம்ம பாப்பா இங்கேயே படிச்சா தினமும் பார்க்கலாமே" என்று தோன்றுவதாகச் சொல்லியிருந்தீர்கள். வருடத்துக்கு ஒரு மாத லீவில் மட்டும் பிள்ளையைப் பார்க்கிற அப்பாவுக்கு அப்படித் தோன்றாமல் எப்படி? ஆனால் பாப்பா கேட்பது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். சிக்கல் அங்கேதான்.

எஜுகேஷன் சிட்டி என்கிற அந்தக் கல்வி நகரத்தைத் திட்டமிட்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை உருவாக்கியது 1995-இல் தொடங்கிய கத்தார் அறக்கட்டளை. அது எல்லாத் துறைக்கும் தானே ஒரு பல்கலைக்கழகம் கட்டவில்லை. ஒவ்வொரு துறைக்கும் பேர்போன ஒன்றை வெளிநாட்டிலிருந்து அழைத்து வந்தது. வடிவமைப்புக்கு வர்ஜீனியா காமன்வெல்த் 1998-இல் வந்தது. அப்புறம் மருத்துவத்துக்கு வைல் கார்னெல், பொறியியலுக்கு 2003-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம், கம்ப்யூட்டருக்கு 2004-இல் கார்னெகி மெலன், சர்வதேச அரசியலுக்கு ஜார்ஜ்டவுன், பத்திரிகைத் துறைக்கு நார்த்வெஸ்டர்ன். கல்யாணத்துக்குச் சமையல் ஒருவர், பந்தல் ஒருவர், நாதஸ்வரம் ஒருவர் என்று தனித்தனியாகப் பேசி அமர்த்துவோமே, அந்த மாதிரி.

விடுதி, மாணவர் மையம், நீங்கள் பார்க்கிற அந்த இலவச டிராம் எல்லாம் பொது. தலைக்கு மேல் ஒரு மின்கம்பிகூட இல்லாமல், ஒவ்வொரு நிறுத்தத்திலும் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போகும் வண்டி அது. ஒரு கல்லூரியில் சேர்ந்த பிள்ளை பக்கத்துக் கல்லூரியிலும் சில பாடங்கள் எடுக்கலாம். திட்டமிட்டவர்களை இந்த விஷயத்தில் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனால் துறைக்கு ஒருவர்தான் என்பதால், நாதஸ்வரக்காரர் பாதியில் எழுந்து போனால் மேளச்சத்தம் மட்டும்தான் மிஞ்சும். 2024 பிப்ரவரியில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் நிர்வாகக் குழு வாக்கெடுத்து, தோகா வளாகத்தை 2028-க்குள் மூடுவது என்று முடிவு செய்தது. மேற்கு ஆசியாவின் நிலையற்ற சூழலைக் காரணமாகச் சொன்னார்கள். முடிவு எடுத்தது டெக்சாஸில். ஒப்பந்தத்துக்கு இன்னும் வருடங்கள் பாக்கி இருந்தன. மெக்கானிக்கல், பெட்ரோலியம், கெமிக்கல், எலக்ட்ரிக்கல் நான்கும் அந்த ஒரே வளாகத்தில்தான் நடந்தன. லண்டனின் யுனிவர்சிட்டி காலேஜும் 2010-இல் வந்து 2020-இல் கிளம்பியதுதான். துபாயில் கதை வேறு. அங்கே 2008-இல் மிச்சிகன் ஸ்டேட் வந்தது, போதிய பிள்ளைகள் சேரவில்லை, இரண்டே வருடத்தில் இளநிலைப் படிப்புகளை நிறுத்தியது. தோகாவில் செலவு அறக்கட்டளையுடையது, துபாயில் பெரும்பாலும் கட்டணத்தை நம்பித்தான். இப்படி ஒரு கல்வி நகரத்தில் பிள்ளையைச் சேர்க்கும் முன் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: யார் பணம், எத்தனை வருட ஒப்பந்தம்? பெற்றோர் கேட்பது ஏசி அறையா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று. அதுவும் கேட்க வேண்டியதுதான், ஆனால் அப்புறம்.

"அப்ப கம்ப்யூட்டர் சயின்ஸ் போட்டுடலாமா?" என்று கேட்டீர்கள். கார்னெகி மெலன் நல்ல இடம், பட்டமும் அமெரிக்காவில் தருகிற அதே பட்டம். கட்டணமும் அதேதான், வருடத்துக்கு 60,000 டாலருக்கு மேல். வருமானத்தைப் பார்த்து அறக்கட்டளை உதவும், ஆனால் அது வட்டியில்லாக் கடனாகத்தான் வரும். படித்து முடித்து கத்தாரிலேயே வேலை பார்த்துக் கழிக்க வழி உண்டு என்றாலும், கையெழுத்துப் போடுவது பாப்பா. இருபத்திரண்டு வயதில் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதிக்கொடுக்கிறாள் என்று அர்த்தம். அதோடு, போன மாதம் என்னிடம் பேசியபோது அவள் கோடிங் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. தாத்தாவின் பம்ப்செட் மோட்டாரைக் கழற்றி மாட்டியதைத்தான் இருபது நிமிஷம் சொன்னாள். வளாகத்துக்காகப் பாடத்தை மாற்றாதீர்கள், சார்.

நீங்கள் கத்தாரில் இருப்பதே ஒரு வழி திறந்துவிடுகிறது, அதை விட்டுவிட்டீர்கள். வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியர்களின் பிள்ளைகளுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. மத்திய அரசின் என்.ஐ.டி. பொறியியல் கல்லூரிகளிலும், வெளிநாட்டில் இருப்பவர்களின் பிள்ளைகளைச் சேர்க்கும் டாசா (DASA) திட்டம் வழியாக அப்படி ஒன்று உண்டு, அதற்கு ஜே.இ.இ. மெயின் நுழைவுத்தேர்வு ரேங்க் தேவை. வெளிநாட்டு இந்தியருக்கான பொதுக் கட்டணத்தைவிட இதில் குறைவு. விதிகள் வருடா வருடம் மாறும், அதனால் இந்த வருட அறிவிப்பு வந்ததும் வரிவரியாகப் படிப்போம்.

இப்போதைக்கு உங்கள் கத்தார் ஐடி, பாஸ்போர்ட், கம்பெனியில் வாங்கிய வேலைச் சான்றிதழ் மூன்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள். சான்றிதழில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்க வேண்டும், இனிஷியல் உட்பட. வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவுதானே? மாலை ஆறு மணிக்குக் கூப்பிடுகிறேன், பாப்பாவையும் அம்மாவையும் லைனில் சேர்த்துக்கொள்ளுங்கள்.