ஒரே சாயம், இரண்டு நிறம்

"டிசைன் வகுப்பில் கோடு, வடிவம், நிறம் எல்லாம் புரிந்தது, டெக்ஸ்சர், அதாவது மேற்பரப்பின் தன்மை, மட்டும் எதற்குத் தனிப் பாடம்? தொட்டுப் பார்க்கிற விஷயம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தொடுவது பாதிதான். டெக்ஸ்சர் கண்ணிலும் வேலை செய்யும், அதை நான் துணி வெட்டித்தான் கற்றுக்கொண்டேன்.

ஒரு தீபாவளிக்கு அக்காவுக்கு வெல்வெட் ரவிக்கை தைத்தேன். அராப் ஸ்ட்ரீட்டில் வாங்கிய அரக்கு நிறத் துணி, கொஞ்சம் போதாமல் போனதால் ஒரு கையை மட்டும் தலைகீழாக வைத்து வெட்டிவிட்டேன். தைக்கும்போது எதுவும் தெரியவில்லை. அக்கா அதைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் வந்து நின்றதும் பார்த்தால் ஒரு கை அரக்கு, இன்னொரு கை கிட்டத்தட்ட கறுப்பு. வெல்வெட்டின் பூ, அதாவது துணியின் மேல் எழும்பி நிற்கும் குட்டை இழைகள், ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும், ஒரு திசையிலிருந்து பார்த்தால் வெளிச்சம் இழையின் பக்கவாட்டில் பட்டுத் திரும்பி நிறம் வெளுத்துத் தெரியும், எதிர்த்திசையில் அதே வெளிச்சம் இழைகளுக்குள் புகுந்து அடங்கிவிடுவதால் நிறம் ஆழமாகிவிடும்.

சாட்டின் மின்னுவதும் இப்படித்தான், மேலே ஓடுகிற நூல் பல நூல்களைத் தாண்டிய பிறகுதான் ஒருமுறை அடியில் இறங்குகிறது, அந்த நீளத்தில் வெளிச்சம் தடையில்லாமல் பட்டுத் திரும்புகிறது. அப்புறம் டுபியன் பட்டு. அதில் ஆங்காங்கே நூல் தடித்திருப்பதைப் பழுது என்று நினைத்துப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம், ஏனென்றால் இரண்டு புழுக்கள் சேர்ந்து கட்டிய கூட்டிலிருந்து வரும் நூல் அப்படித்தான் இருக்கும், அந்தத் தடிப்புதான் அதன் அழகே.

ஓவியத்துக்கும் இது பொருந்தும். வான்கோ சாயத்தை அப்பிய தடிப்பே வரப்பு போல நிழல் தரும். நம் சிங்கப்பூர் ஓவியர் அந்தோனி பூன் இன்னும் ஒரு படி போய், கேன்வாஸையே அலை அலையாகப் புடைக்க வைத்தார், அந்த மேடு பள்ளங்களில் வெளிச்சம் மாற மாற நிறமும் மாறும். மெழுகு பூசிச் சாயம் ஏற்றுகிற பாத்தேக் துணி இதற்கு நேர் எதிர்: மெழுகு வெடித்த இடங்களில் சாயம் இறங்கி விரிசல் கோடுகள் ஓடும், பார்க்கச் சொரசொரப்பு, தடவினால் வழவழப்பு.

நம் ஊர்ப் புழுக்கத்துக்கு சீர்சக்கர் என்ற சுருக்கத் துணியையும் சொல்ல வேண்டும், அதன் சுருக்கங்கள் துணியை உடம்பில் ஒட்டவிடாது.

செய்து பார்க்க நினைத்தால் ஒரே நிறத்தில் வெல்வெட், சாட்டின், பருத்தி மூன்றிலும் கால் கால் மீட்டர் வாங்கி ஜன்னலோரம் தொங்கவிட்டு, காலையிலும் மாலையிலும் படம் எடுங்கள். வெல்வெட்டை வெட்டுவதாக இருந்தால், முதலில் கையால் தடவிப் பூ எந்தப் பக்கம் படிகிறது என்று பார்த்து, துணியின் பின்பக்கம் சாக்பீஸால் அம்புக்குறி போட்டுவிடுங்கள்.