வெளியே தெரியாமல் ஒரு வழி உண்டா? – சட்ட உதவி வழக்கறிஞரின் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே வேண்டுகோள்: "வெளியே தெரியாமல் ஒரு வழி சொல்லுங்கள்." குடியோ கடனோ கல்யாணமோ, எதுவானாலும் ஊர் வாய்க்குப் பயம். சில விஷயங்களில் உங்கள் பெயரை மறைக்கச் சட்டமே இடம் தருகிறது. வேறு சிலவற்றில், மூடி மறைப்பதுதான் எதிராளிக்குப் பலம். எது எந்த வகை என்பதைப் பதில்களில் சொல்லியிருக்கிறேன்.

என் கணவர் தினமும் குடிக்கிறார். டாக்டரிடம் வர மறுக்கிறார். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியை மறக்கடிக்கும் மருந்து என்று விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா? சில நாள் கை நீட்டவும் செய்கிறார்.
– பெயர் வேண்டாம், கடலூர் மாவட்டம்

வாங்காதீர்கள் அம்மா. அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று விற்பவர் சொல்லப்போவதில்லை. மனநல மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை ஒன்று உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். உயிரே போகலாம். குடித்தால் இப்படி ஆகும் என்று தெரிந்து வைத்திருப்பவர் பயந்து குடிக்காமல் இருப்பார். அந்த மாத்திரை வேலை செய்வதே அப்படித்தான். அதனால்தான் நோயாளியின் சம்மதம் இல்லாமல் பொறுப்பான டாக்டர் யாரும் அதைத் தருவதில்லை. ஒன்றும் அறியாத மனிதர் வழக்கம்போலக் கடைக்குப் போவார். அவருக்கு ஏதாவது நேர்ந்தால், சோற்றில் கலந்தவர் என்று விசாரணை உங்களிடம்தான் வரும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. பல வருடங்கள் தினமும் குடித்தவர், கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு ஒரே நாளில் நிறுத்துவார். முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியலாம், புலம்பல் தொடங்கும். சாமி குத்தம் என்று மந்திரிக்க அழைத்துப் போய் நேரத்தை வீணடித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அது உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை. நிறுத்துவதையே மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும்.

முதல் முறை அவரை அழைத்துப் போக வேண்டிய அவசியமில்லை. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நீங்கள் மட்டும் போய்ப் பேசுங்கள். போக முடியாவிட்டால் 14416 (டெலி மானஸ்), 14446 (போதை ஒழிப்பு உதவி எண்) இரண்டும் இலவசம். குடிப்பவர்கள் குடிக்காக டாக்டரிடம் வர மாட்டார்கள்; வயிற்றெரிச்சலுக்கு வருவார்கள், தூக்கமில்லை என்று வருவார்கள். அந்த வழியாகவே பேச்சைத் தொடங்கலாம். தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் கேளுங்கள். சேர்த்த ஆளைப் பார்க்க விடமாட்டோம் என்கிற மையத்தில் சேர்க்காதீர்கள்.

கை நீட்டுவதைக் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. போதையில் அடித்துவிட்டார் என்பது ஒரு சமாதானம் ஆகாது. எவ்வளவு போதையிலும் அவர் சப்-இன்ஸ்பெக்டரை அடிப்பதில்லை அல்லவா? பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழையுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவும், வீட்டை விட்டுத் துரத்த முடியாதபடி வசிக்கும் உரிமைக்கான உத்தரவும் கேட்கலாம். அதற்கு முதலில் போலீஸில் வழக்குப் பதிய வேண்டும் என்றில்லை.

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வரும் வெள்ளிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை தாய்மாமன். நான் சொன்னேன் என்று தெரிந்தால் தலைமுறைப் பகையாகிவிடும்.
– கிருஷ்ணகிரி வாசகி

இது பெயரை மறைக்கலாம் என்கிற வகை. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்து ஊர், தெரு, பெண் படிக்கும் பள்ளி, முகூர்த்த நாள், மண்டபம் அல்லது கோயில் ஆகியவற்றைச் சொல்லுங்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படித்தவுடன் செய்யுங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்பும் பின்பும் சட்டம் ஒன்றல்ல.

முன்பு என்றால் மாஜிஸ்திரேட் தடை உத்தரவு போடலாம். அதை மீறித் தாலி கட்டினால் அந்தக் கல்யாணமே செல்லாது. தடை உத்தரவு இல்லாமல் நடந்துவிட்டால் அது தானாக ரத்தாகாது; அந்தப் பெண்ணே நீதிமன்றம் போய் ரத்து கேட்க வேண்டும், 20 வயது முடிவதற்குள். 18 வயது கடந்த மாப்பிள்ளைக்கும், நடத்தி வைத்தவர்களுக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம். 18 வயதுக்குக் கீழ் மனைவியே ஆனாலும் உறவு கொண்டால் அது பாலியல் வன்முறை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனால் அங்கிருந்து போலீஸுக்குத் தகவல் போகும். பெண்ணின் அப்பாவுக்கு இதையெல்லாம் யாராவது எடுத்துச் சொல்வது நல்லது. பெரும்பாலான அப்பாக்கள் கொடுமைக்காரர்கள் அல்ல. எவனோடாவது போய்விடுவாளோ என்கிற பயம்.

அதிகாரிகள் வந்து எழுதி வாங்கிக்கொண்டு போன பிறகு, இரண்டு வாரம் கழித்து வேறு ஊர்க் கோயிலில் காதும் காதும் வைத்தாற்போல முடிப்பதும் நடக்கிறது. பெண் பள்ளிக்கூடம் போகிறாளா என்று மட்டும் கவனியுங்கள். போகவில்லை என்றால் மறுபடியும் 1098.

எங்கள் குழுக் கடனில் ஒருத்தி தவணை கட்டாமல் ஊரை விட்டுப் போய்விட்டாள். அவள் பங்கையும் நாங்களே கட்ட வேண்டும் என்று வசூல் ஆட்கள் இரவு எட்டு மணி வரை வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். தவணை கட்ட இன்னொரு கம்பெனியில் வாங்கினேன், அதைக் கட்ட வட்டிக்காரரிடம் வாங்கினேன். வீட்டுக்காரருக்கு இது தெரியாது.
– விழுப்புரம் வாசகி

கம்பெனிக் கடனையும் வட்டிக்காரர் கடனையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

முதலில் கம்பெனிக் கடன். கூட்டுப் பொறுப்பு என்ற காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், ஓடிப்போனவளின் பங்கை உங்களிடம் கேட்க அவர்களுக்கு வழி உண்டு. ஆனால் எப்படிக் கேட்கலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கியின் 2022 விதிகள் கோடு போட்டிருக்கின்றன. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வரக்கூடாது, போன் செய்யக்கூடாது. திட்டக்கூடாது, மிரட்டக்கூடாது. உறவினரையோ கூட வேலை செய்பவரையோ தொந்தரவு செய்யக்கூடாது. கடன் பாக்கிக்காரர் என்று பெயரை வெளியே போடக்கூடாது. பேசி முடிவு செய்த பொது இடத்தில்தான் வசூல்; அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம். இரவு எட்டு மணிக்கு வாசலில் உட்காருவது அப்பட்டமான மீறல்.

இன்னொன்றும் அதே விதிகளில் இருக்கிறது, யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக்கூடாது. இரண்டாவது கம்பெனிக்காரர் உங்கள் வருமானத்தை எவ்வளவு என்று எழுதினார்? கம்பெனி தரும் கடன் விவர அட்டையையும் விண்ணப்ப நகலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அட்டை உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். வருமானத்தைக் கூட்டி எழுதியிருந்தால் அதையே புகாரில் சேருங்கள்.

புகாரை முதலில் கம்பெனிக்கு எழுத்தில் கொடுங்கள். தேதி, நேரம், வந்தவர் பெயர் எல்லாம் இருக்கட்டும். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவில்லை, வழி தெரிய 14448-ஐ அழையுங்கள். மிரட்டல் தொடர்ந்தால் 30 நாள் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே காவல் நிலையம் போங்கள். வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாடு 2025-இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. குழுவில் மீதியுள்ள எல்லோரும் சேர்ந்து கையெழுத்திடுங்கள். ஒருத்தியைத் தனியாக்கி மற்றவர்களை அவள்மீது ஏவிவிடுவதுதான் இந்த வசூலின் சூட்சுமம்.

வட்டிக்காரர் விஷயம் வேறு. நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். வெற்றுப் பத்திரத்திலோ காசோலையிலோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அதைப் புகாரில் மறைக்காதீர்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் இரண்டு குழந்தைகளோடு தீக்குளித்த குடும்பமும் கந்துவட்டிப் புகாரோடு அலைந்த குடும்பம்தான். அந்த அளவுக்குத் தள்ளப்படும் முன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு வாருங்கள் (15100). பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் வழக்கறிஞர் இலவசம்.

வீட்டுக்காரருக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரியாது என்பதுதான் அந்த வட்டிக்காரர் உங்களை மிரட்டப் பயன்படுத்தும் ஆயுதம்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டது. வழக்கமாக வரும் பையன் கூடுதல் கூலிக்கு இறங்கத் தயார் என்கிறான். மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் விட்டுவிட்டால் போதும்தானே? நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை.
– சங்கச் செயலாளர், தாம்பரம்

போதாது. டேங்கில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு குறைவாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மிக அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. வாடை போய்விட்டது என்று இறங்குகிறவர் ஓரிரு மூச்சில் மயங்கி விழுவார். திறந்துவிட்டுக் காத்திருப்பது மூடிக்கு அருகே உள்ள காற்றை மட்டுமே மாற்றும். அடியில் சேற்றைக் கிளறும்போது வாயு புதிதாகக் கிளம்பும். அவரைத் தூக்க இறங்கும் அண்ணனோ தம்பியோ அடுத்து விழுவார். இந்தச் சாவுகள் இரண்டு மூன்றாக நடப்பது அதனால்தான்.

அவன் சம்மதித்தான் என்பது சட்டத்தில் செல்லாது. கையால் கழிவகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புச் சாதனமின்றி ஆளை இறக்குபவர் குற்றவாளி. அது மாநகராட்சியா, குடியிருப்போர் சங்கமா என்று பேதமில்லை. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். இறப்புக்கு இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. கழிவுநீர் அகற்றும் உதவி எண்ணான 14420-இல் அழைத்துக் கழிவுநீர் லாரி வரவழையுங்கள். லாரிக்காரரே ஆளை இறக்கப் பார்த்தால் தடுக்க வேண்டியது செயலாளரான நீங்கள்தான்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியர். மாணவர்கள் சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டி வருகிறார்கள். அவிழ்க்கச் சொன்னால் சாமி கயிறு என்கிறார்கள். நமக்கேன் வம்பு என்கிறார் சக ஆசிரியர்.
– தென் மாவட்டம் ஒன்றிலிருந்து

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த மாணவர்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அந்தப் பையன் தனக்கு நடந்த தொல்லையைப் பள்ளியில் சொன்ன பிறகு நடந்தது அது. வம்பு எப்போதோ வகுப்புக்குள் வந்துவிட்டது என்று சக ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் வேண்டாம் என்பதோடு, வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. பலர் கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு உட்காரும் வரிசைதான் முக்கியமாகப் படுகிறது. கயிற்றை அறுத்தால் சட்டைப் பொத்தானில் நிறம் வரும். பக்கத்தில் உட்கார்ந்து பழகினால் சில பையன்களாவது மாறுவார்கள்.

வகுப்பில் வைத்து ஒருவன் கயிற்றை மட்டும் அறுக்காதீர்கள். மறுநாள் அவன் ஆட்கள் வாசலில் நிற்பார்கள். தலைமை ஆசிரியர் பெயரில், எல்லாச் சாதிக்கும் ஒரே நாளில், பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி முடித்த விதியாக வரட்டும். கயிறு எந்த அண்ணன் கொடுத்தது என்று விசாரித்து, அந்த அண்ணனின் பெற்றோரையும் கூப்பிடுங்கள். ஒரு மாணவன் தன்னைச் சாதி சொல்லித் திட்டுகிறார்கள் என்று வந்து சொன்னால், அன்றைக்கே எழுதி வாங்கித் தலைமை ஆசிரியருக்குக் கொடுத்து, பிரதியில் கையெழுத்துப் பெறுங்கள். சொன்னவன் யார் என்று அடுத்த வகுப்பில் கேட்டுவிடாதீர்கள்.

எனக்கு 74 வயது. வீட்டை மகனுக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தேன். இப்போது சாப்பாடுகூடக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. பத்திரத்தை ரத்து செய்ய முடியுமா? மகன்மேல் கேஸ் போட்டான் என்ற பெயர் வேண்டாம்.
– கும்பகோணம் வாசகர்

பத்திரத்தை எடுத்துப் படியுங்கள் ஐயா. கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற வரி இருந்தால், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவில் ரத்து கேட்கலாம். அந்த நிபந்தனை காட்டப்பட வேண்டும் என்று 2022-இல் கண்டிப்பாகச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியில் வந்த தீர்ப்பில் பெற்றோருக்குச் சாதகமாகச் சட்டத்தைத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்றது. அந்த வழக்கில் நிபந்தனை தனிக் காகிதத்தில் இருந்தது. எனவே பத்திரத்தில் இல்லையென்றாலும் மகன் எழுதிக் கொடுத்த வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். விற்பனைப் பத்திரமாக எழுதியிருந்தால் இந்த வழி கடினம்.

மனுவைக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். ரத்து கேட்காமல், மாதாமாதம் பராமரிப்புத் தொகை மட்டும்கூடக் கேட்கலாம். 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். தீர்ப்பாயம் முதலில் சமரச அலுவலரிடம் அனுப்பிப் பேச வைக்கவும் கூடும். பல மகன்கள் அந்த நோட்டீஸ் வந்ததுமே இறங்கி வருவார்கள். எழுத ஆள் இல்லையென்றால் முதியோர் உதவி எண்ணான 14567-ஐ அழையுங்கள். இனிமேல் எழுதிக் கொடுக்க இருப்பவர்கள், அந்த ஒரு வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.