செல்லே இல்லாத குழியிலும் எம்டிடி ஊதாவாக மாறுவது ஏன்?

செல்கள் எவ்வளவு உயிரோடு இருக்கின்றன என்று நிறத்தை வைத்து அளக்கும் எம்டிடி சோதனையில், மூலிகைச் சாறும் எம்டிடி சாயமும் மட்டும் விட்ட குழி ஊதாவாகிறது, தட்டில் கிருமி புகுந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் கிருமி இல்லை. சாறுதான் காரணம்.

எம்டிடி மஞ்சள் நிற டெட்ராசோலியம் உப்பு. எலக்ட்ரான் கிடைத்தால் ஊதா ஃபார்மசானாக மாறும். உயிருள்ள செல்லில் அந்த எலக்ட்ரானை என்ஏடிஹெச் போன்ற எலக்ட்ரான் சுமக்கும் மூலக்கூறுகள், நொதிகளின் வழியாகக் கொடுக்கின்றன. 1983-இல் மோஸ்மன் இந்த முறையை வெளியிட்டதிலிருந்து ஊதா அடர்த்தியாக இருந்தால் செல் அதிகம் என்றே படித்துப் பழகிவிட்டோம். ஆனால் கொடுத்தது யார் என்று சாயம் பார்ப்பதில்லை. வைட்டமின் சி-யும் கொடுக்கும், தாவரங்களில் உள்ள பல பாலிஃபீனால் சேர்மங்களும் கொடுக்கும். ஆக்சிஜனேற்றத் தடுப்பி நிறைந்த சாறென்றால் செல்லே தேவையில்லை.

ஆய்வு மாணவனாக இருந்தபோது நானும் இதில் மாட்டினேன். சாற்றைக் குறைந்த அளவில் விட்டபோது செல்கள் செத்தன, அளவைக் கூட்டக் கூட்ட மறுபடி 'பிழைத்தன'. மூன்று முறை செய்தும் அதே வளைவு. கடைசியில் எம்டிடி விடுவதற்கு முன்பே தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். அதிக அளவு விட்ட குழிகளில் செல்கள் உருண்டு, அடியிலிருந்து கழன்று மிதந்தன. எண் சொன்னதை நம்பி இரண்டு வாரம் போயிருந்தது. இன்றும் வருத்தம்தான்.

அதனால் சாறு கலந்த ஊடகத்தை (செல் வளரும் திரவத்தை) உறிஞ்சி எடுத்துவிட்டு, பிபிஎஸ் என்னும் உப்புத் தாங்கல் கரைசலால் மெதுவாக அலசி, புது ஊடகத்தில் எம்டிடி விடுங்கள். செல் இல்லாத குழிகளை ஒவ்வொரு சாறு அளவுக்கும் தனித்தனியாக வையுங்கள், ஒரே ஒரு வெற்றுக் குழி போதாது. டிஎம்எஸ்ஓ என்னும் கரைப்பானில் ஊசி ஊசியான ஃபார்மசான் படிகங்கள் முழுக்கக் கரைந்த பிறகே 570 நானோமீட்டரில் அளவிடுங்கள். அலசும்போது கழன்ற செல்களும் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் ரெசசூரின் என்னும் இன்னொரு சோதனைச் சாயத்துக்குத் தாவாதீர்கள், அதுவும் எலக்ட்ரான் வாங்கித்தான் நிறம் மாறும், இதே சிக்கல் வரும். சல்ஃபோரோடமைன் பி பயன்படுத்துங்கள். அது செல்லின் புரதத்தில் ஒட்டும் சாயம், சாற்றின் ஒடுக்கும் (எலக்ட்ரான் கொடுக்கும்) தன்மை அதைத் தொடாது. டிரைபான் நீலம் விட்டு எண்ணுவதும் நல்லதே: சவ்வு கிழிந்த செல் மட்டும் நீலமாகும், கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.